அப்பத்தா வைத்த வெள்ளி ரூபாய்: பாதி வெள்ளி எங்கே போச்சு?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நமது யூனியன் செயலாளர் ஹாஸ்டல் ரூம் கதவைத் தட்டினார். "கவிதை மட்டும் வேண்டாம்டா, ஏற்கெனவே ஒரு கட்டு சேர்ந்துடுச்சு. ஏதாவது விஷயம் உள்ளதா எழுது" என்றார். விஷயம் என்னிடம் இருந்தது. ஆனால் அது எங்கள் வீட்டுச் சண்டையில் ஆரம்பிக்கிற விஷயம். வெளியில் சொல்லலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். "தாராளமா எழுது, நாலு பேர் தெரிஞ்சுக்கட்டும்" என்றார். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது கட்டுரையின் கடைசியில் புரியும்.

சண்டை வந்த கதை

எங்கள் அப்பத்தா காலமாகி ஒரு வருடம் ஆகிறது. அவர் மாமியார், அதாவது எனக்குப் பூட்டி, பருத்தி விற்ற காசில் சேர்த்து வைத்த வெள்ளி ரூபாய் 48 ஒரு பித்தளைச் சொம்பில் இருந்தது. மாமியார் மருமகளிடம் கொடுத்தது. மருமகள் யார் கையிலும் கொடுக்காமல் அரிசிக் குதிருக்கு அடியில் வைத்துக் காத்தது. "பேத்தி கல்யாணத்துக்கு கொலுசும் குங்குமச் சிமிழும் இதுலதான் செய்யணும்" என்பது அப்பத்தா அடிக்கடி சொல்கிற வார்த்தை. அப்பத்தா போன பிறகு சொம்பு எங்கள் வீட்டு பீரோவில் இருந்தது. அத்தை மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அப்பாவே கொண்டுபோய் அத்தையிடம் கொடுத்தார்.

ஆசாரி உரைகல்லில் உரசிப் பார்த்தார். 22 ரூபாய் சுத்தம், மீதி 26 ரூபாய் சரியில்லை என்றார். "இதுல பாதிதான்மா வெள்ளி. மிச்சம் செம்பும் வேற கலப்பும். நல்ல காசை எடுத்துட்டு யாரோ மட்டமானதைப் போட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான். அத்தை மறுநாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். வாசலிலேயே நின்றுகொண்டு, "ஏண்டா தம்பி, ஆத்தா காத்து வச்ச காசுல கை வச்சிட்டியேடா" என்று ஒரே வார்த்தைதான் கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. சாப்பிடாமல் வேலைக்குப் போனார். கல்யாணப் பத்திரிகை எங்கள் வீட்டுக்கு வருமா வராதா என்கிற நிலைமை ஆகிவிட்டது.

மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம் படிக்கிறவன் நான். மெட்டல் என்றால் நம்ம டிபார்ட்மெண்ட்தானே! அத்தையைக் கெஞ்சி, ஒரு நல்ல காசு, ஒரு 'கெட்ட' காசு, ஆக இரண்டை வாங்கிக்கொண்டு ஹாஸ்டலுக்கு வந்தேன்.

லேப் என்ன சொன்னது?

முதல் வருஷம் பிசிக்ஸ் லேபில் ஆர்க்கிமிடீஸ் தத்துவம் செய்தது ஞாபகம் இருக்கிறதா? ரீடிங்கை பக்கத்து பெஞ்ச்சில் காப்பியடித்தவர்களும் இப்போது கவனியுங்கள். சாரிடம் அனுமதி வாங்கி இரண்டு காசையும் காற்றில் ஒருமுறை, தண்ணீரில் தொங்கவிட்டு ஒருமுறை எடை போட்டேன்.

முதல் காசு 1907 வருடத்தது. கிரீடம் இல்லாத வழுக்கைத் தலை எட்வர்ட் ராஜா. காற்றில் 11.56 கிராம். தண்ணீரில் குறைந்த எடை 1.12 கிராம். ஒன்றை ஒன்றால் வகுத்தால் ஒப்படர்த்தி 10.32. இரண்டாவது காசு 1944. ஆறாம் ஜார்ஜ் ராஜா. காற்றில் 11.62, குறைந்த எடை 1.22, ஒப்படர்த்தி 9.52.

சுத்த வெள்ளியின் ஒப்படர்த்தி சுமார் 10.5. பன்னிரண்டில் 11 பங்கு வெள்ளி, ஒரு பங்கு செம்பு என்று கணக்குப் போட்டால் 10.34 வர வேண்டும். எட்வர்ட் ராஜா பாஸ்! பாதி வெள்ளி, 40 சதவீதம் செம்பு, 5 சதவீதம் நிக்கல், 5 சதவீதம் துத்தநாகம் என்று கணக்குப் போட்டால் 9.53. ஜார்ஜ் ராஜாவும் பாஸ்! நமது தராசில் ஒரு சதவீதம் தப்பு வரலாம். ஆனால் இரண்டு காசுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் 8 சதவீதம். ஆகவே ஆசாரி சொன்னது பொய்யில்லை. அந்தக் காசில் வெள்ளி பாதிதான்.

அப்படியானால் நான் அந்தப் பாதி வெள்ளி, 40, 5, 5 என்ற கணக்கை எங்கிருந்து எடுத்தேன்? கள்ளக்காசு அடிப்பவன் எழுதி வைத்த ஃபார்முலாவா? இல்லை நண்பர்களே! 1940-ல் இந்திய அரசாங்கமே சட்டம் போட்டு வைத்த ஃபார்முலா அது. நல்ல காசை எடுத்துக்கொண்டு பாதிக் காசைப் போட்டது எங்கள் அப்பா இல்லை. சர்க்கார்!

எப்படி, ஏன் என்று தெரிந்துகொள்ள கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ரூபாய் என்பது வெள்ளியா, வாக்குறுதியா?

1818-ல் மெட்ராஸ் மாகாணத்தில் அடித்த ரூபாய் 180 கிரெயின் எடை. அதில் 165 கிரெயின் சுத்த வெள்ளி. 1835-ல் கம்பெனி அரசாங்கம் நாடு முழுதுக்கும் ஒரே ரூபாய் என்று சட்டம் கொண்டுவந்தபோது இந்த அளவைத்தான் எடுத்துக்கொண்டது. 180 கிரெயின் என்பது ஒரு தோலா, நம் கணக்கில் 11.66 கிராம். இதை அடித்த மெட்ராஸ் தங்கசாலை 1869-ல் மூடப்பட்டது. தெருப் பெயர் மட்டும் சென்னையில் இன்றும் இருக்கிறது. அதற்குப் பிறகு பம்பாயும் கல்கத்தாவும்தான் காசு அடித்தன.

அப்போதெல்லாம் யார் வேண்டுமானாலும் வெள்ளியை நாணயச் சாலைக்குக் கொண்டுபோய், கூலி கொடுத்து ரூபாயாக அடித்து வாங்கலாம். ஆகவே ரூபாயின் மதிப்பும் அதிலுள்ள வெள்ளியின் மதிப்பும் ஒன்றுதான். 1870-க்குப் பிறகு உலகத்தில் வெள்ளி மலிந்துபோனது. கூடவே ரூபாயும் சரிந்தது. லண்டனுக்கு வருஷா வருஷம் தங்க மதிப்பில் பணம் கட்ட வேண்டிய இந்திய சர்க்காருக்கு இது பெரிய தலைவலி. 1893-ல் பொதுமக்களுக்காக வெள்ளி அடித்துக் கொடுப்பதை நிறுத்தினார்கள். கொஞ்ச வருடத்தில் ஒரு ரூபாய் 16 பென்ஸ், 15 ரூபாய் ஒரு பவுன் என்று நிலைநிறுத்தினார்கள்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். அன்றிலிருந்து ரூபாய் நாணயம் ஒரு நோட்டு மாதிரிதான். காகிதத்துக்குப் பதில் வெள்ளியில் அச்சடித்த நோட்டு. 1915-ல் ஒரு ரூபாய்க்குள் இருந்த வெள்ளி சுமார் 10 பென்ஸ்தான் பெறும். மீதி 6 பென்ஸ் சர்க்காரின் முத்திரைக்கு. ஆனால் ஜனங்களுக்கு அது தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. கையில் கனமாக இருந்தது, தட்டினால் கணீர் என்றது. அவர்களுக்கு அது போதும்.

முதல் மகாயுத்தம்: காசை உருக்கினால் குற்றம்!

1914-ல் யுத்தம் வந்தது. சணல், தோல், கோதுமை என்று இந்தியாவிலிருந்து சரக்கு போய்க்கொண்டே இருந்தது. விற்ற விவசாயிக்கும் வியாபாரிக்கும் ரூபாய் கொடுக்க வேண்டும். இங்கிலாந்துக்காக இந்திய சர்க்கார் இங்கே செய்த செலவுக்கும் ரூபாய் வேண்டும். ஆனால் வெள்ளி? உலகத்துக்கே வெள்ளி கொடுத்த மெக்சிகோவில் உள்நாட்டுக் கலவரம். சீனாவும் வெள்ளி வாங்குகிறது. விலை ஏறியது. 1915-ல் அவுன்ஸ் 27 பென்ஸ் அளவில் இருந்தது 1917 செப்டம்பரில் 55 பென்ஸைத் தொட்டது.

இதில் ஒரு ஆபத்தான கோடு இருக்கிறது. அவுன்ஸ் வெள்ளி 43 பென்ஸ் ஆனால் ரூபாய்க்குள் இருக்கும் வெள்ளியும் 16 பென்ஸ் ஆகிவிடும். அந்தக் கோட்டைத் தாண்டினால் ரூபாயைச் செலவு செய்வதை விட உருக்கி விற்பது லாபம்! 55 பென்ஸில் ஒரு ரூபாய்க்குள் 20 பென்ஸ் வெள்ளி இருந்தது. எவன் காசைச் செலவழிப்பான்?

சர்க்கார் சட்டத்தை எடுத்தது. 1917-ல் தங்க, வெள்ளி நாணயங்களைப் பணமாக அல்லாமல் வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று தடை. உருக்கினால் குற்றம். வெள்ளியை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை. தனியார் வெள்ளி இறக்குமதிக்கும் தடை. சர்க்காருக்கு லண்டன் மார்க்கெட்டில் போட்டி இருக்கக் கூடாது என்பதற்காக. கூடவே ரூபாயின் வெளிநாட்டு மதிப்பையும் 16 பென்ஸிலிருந்து படிப்படியாக ஏற்றினார்கள். 1919 டிசம்பரில் அது 28 பென்ஸ் வரை போனது. வெள்ளி விலை துரத்த, ரூபாய் மதிப்பு ஓட... 1920 பிப்ரவரியில் வெள்ளி 89½ பென்ஸ் வரை ஏறிப் பிறகுதான் விழுந்தது.

1917 நவம்பர் 30-ல் இந்தியாவின் முதல் ஒரு ரூபாய் நோட்டு வெளிவந்தது. வெள்ளி ரூபாய் கொடுக்க முடியாத சர்க்கார், வெள்ளி ரூபாயின் படத்தையே காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்தது! அடுத்து இரண்டரை ரூபாய் நோட்டும் வந்தது. சில்லறைக் காசிலும் வெள்ளியை எடுத்துவிட்டுச் செம்பு நிக்கல் கலவையைப் போட்டார்கள்: 1918-ல் இரண்டணா, 1919-ல் நாலணாவும் எட்டணாவும்.

அமெரிக்க டாலர் ரூபாயானது

அந்தக் கால நோட்டில் ஒரு உறுதி உண்டு. கரன்சி ஆபீசில் நீட்டினால் வெள்ளி ரூபாய் எண்ணித் தர வேண்டும். 1918 மார்ச்சில் ஜெர்மனி பிரான்சில் பெரிய தாக்குதல் நடத்தியது. செய்தி இங்கே வந்ததும் ஜனங்கள் நோட்டை எடுத்துக்கொண்டு கவுன்ட்டருக்கு ஓடினார்கள். புழக்கத்தில் இருந்த நோட்டு 100 கோடி ரூபாய் அளவுக்கு. கையிருப்பு வெள்ளி ரூபாயோ ஜூன் முதல் வாரத்தில் 4 கோடி சொச்சம்! அது தீர்ந்திருந்தால் "நோட்டுக்குக் காசு இல்லை" என்று போர்டு மாட்ட வேண்டியதுதான். யுத்தத்தின் நடுவில் அதன் அர்த்தம் என்ன என்பது டெல்லிக்கும் தெரியும், லண்டனுக்கும் தெரியும்.

காப்பாற்றியது ஓர் அமெரிக்கச் சட்டம். 1918 ஏப்ரல் 23-ல் நிறைவேறிய பிட்மன் சட்டம். நெவாடா மாநிலத்தின் செனட்டர் கீ பிட்மன் பெயரில் வந்தது. அமெரிக்க கஜானாவில் தூங்கிக்கொண்டிருந்த வெள்ளி டாலர் நாணயங்களில் 35 கோடி வரை உருக்கி விற்கலாம் என்று அனுமதி. சுமார் 27 கோடி டாலர் உருக்கப்பட்டன. அதில் ஏறக்குறைய 26 கோடி டாலர் நாணயத்தின் வெள்ளி, அதாவது 20 கோடி அவுன்ஸ், அவுன்ஸுக்கு ஒரு டாலர் விலையில் பிரிட்டனுக்கு, இந்தியாவுக்காக. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 58 கோடி ரூபாய் நாணயம் அடிக்கப் போதும்.

செனட்டர் சும்மா தர்மம் செய்யவில்லை. நெவாடா வெள்ளிச் சுரங்க மாநிலம். உருக்கியதற்குச் சமமான வெள்ளியை அமெரிக்கச் சுரங்கங்களிடமிருந்தே அதே ஒரு டாலர் விலைக்கு சர்க்கார் திரும்ப வாங்க வேண்டும் என்றும் அதே சட்டத்தில் எழுதிவிட்டார். பிறகு மார்க்கெட் விலை சரிந்தபோதும் சுரங்கக்காரர்களுக்கு முழு டாலர் கிடைத்தது! சட்டம் எழுதத் தெரிந்தவன் பிழைக்கத் தெரிந்தவன்.

இன்னொரு பக்கமும் சட்டம் மாறிக்கொண்டிருந்தது. நோட்டுக்கு ஈடாக உலோகம் வைக்காமல் கடன் பத்திரம் மட்டும் வைத்து நோட்டு அடிக்கும் உச்சவரம்பு யுத்தத்துக்கு முன் 14 கோடி ரூபாய். ஒவ்வொரு திருத்தமாகப் போட்டு 1919-க்குள் அதை 120 கோடி ஆக்கினார்கள். போதாததற்கு 1917-ல் இந்தியா இங்கிலாந்துக்கு 10 கோடி பவுன் யுத்த 'அன்பளிப்பு' வேறு கொடுத்தது. கடன் வாங்கிக் கொடுத்த அன்பளிப்பு!

இரண்டாம் மகாயுத்தம்: பூட்டியின் காலம்

இப்போது எங்கள் சொம்புக்கு வருகிறேன். 1935-ல் ரிசர்வ் வங்கி வந்துவிட்டது. ஆனால் நோட்டைக் கொடுத்தால் ரூபாய் நாணயம் தர வேண்டும் என்கிற கடமை இருந்தது. 1940-ல் ஹிட்லர் படை பாரிசுக்குள் நுழைந்ததும் பழைய கதை திரும்பியது. நோட்டு வேண்டாம், வெள்ளி கொடு என்று ஜனங்கள் கிளம்பினார்கள். இந்தத் தடவை வெள்ளி விலை அபாயக் கோட்டைத் தாண்டவில்லை. உருக்கி லாபம் பார்க்கிற ஆசையில்லை, வெறும் பயம். ராஜா தோற்றால் ராஜா நோட்டு செல்லுமா? வெள்ளி என்றால் எந்த ராஜா வந்தாலும் வெள்ளிதானே! எங்கள் பூட்டி இப்படித்தான் நினைத்திருப்பார்.

சர்க்கார் முதல் யுத்தத்தின் பாடத்தை மறக்கவில்லை. மூன்று பூட்டு போட்டது.

முதல் பூட்டு: தடை. 1940 ஜூன் 25-ல் இந்தியப் பாதுகாப்பு விதிகளின்படி ஓர் அறிவிப்பு. சொந்தத் தேவைக்கும் வியாபாரத் தேவைக்கும் மேல் ரூபாய் நாணயம் வாங்கிச் சேர்ப்பது குற்றம். அப்போது சேர்த்திருந்தால் பூட்டியும் குற்றவாளிதான், நல்லவேளை யாரும் குதிரைத் தூக்கிப் பார்க்கவில்லை!

இரண்டாவது பூட்டு: காகிதம். 1926-ல் நிறுத்தியிருந்த ஒரு ரூபாய் நோட்டு 1940-ல் மறுபடி வந்தது. ஓர் அவசரச் சட்டம் போட்டு, "இந்த நோட்டு சட்டப்படி ரூபாய் நாணயமே" என்று அறிவித்துவிட்டார்கள். என்ன சாமர்த்தியம் பாருங்கள்! ரிசர்வ் வங்கி நோட்டை நீட்டி நாணயம் கேட்டால், ஒரு ரூபாய் நோட்டை எடுத்து நீட்டலாம். கேட்டதைக் கொடுத்தாச்சு! இன்றைக்கும் ஒரு ரூபாய் நோட்டில் ரிசர்வ் வங்கி கவர்னர் கையெழுத்து இருக்காது. நிதித்துறைச் செயலாளர் கையெழுத்துதான். மற்ற நோட்டில் உள்ள 'தருவதாக உறுதியளிக்கிறேன்' என்கிற வாசகமும் கிடையாது. 1994-ல் அச்சடிப்பதை நிறுத்தி 2015-ல் மறுபடி ஆரம்பித்தபோதும் அப்படியேதான். யுத்தகாலச் சட்டத்தின் வால் நம் பர்ஸ் வரை நீண்டிருக்கிறது.

மூன்றாவது பூட்டு: கலவை. 1940-ல் முதலில் நாலணா, பிறகு எட்டணா, டிசம்பரில் ரூபாய் என்று வரிசையாக வெள்ளியை பன்னிரண்டில் 11 பங்கிலிருந்து பாதியாகக் குறைத்தார்கள். எடை அதே 180 கிரெயின். ராஜா தலையும் அப்படியே. உள்ளே 165 கிரெயின் வெள்ளி இருந்த இடத்தில் 90. ஒரு பழைய ரூபாயை உருக்கினால் அந்த வெள்ளியில் 1.83 புது ரூபாய் அடிக்கலாம். நூறு ரூபாய் 183 ரூபாய் ஆகும்! ஆனால் ஒரு சிக்கல்: செம்பு கூடினால் கள்ளக்காசு அடிப்பவனுக்கும் மலிவு. அதனால் காசின் விளிம்பில் பல் வெட்டுக்கு நடுவே ஒரு பள்ளம் ஓட்டி அதற்குள் வேலைப்பாடு வைத்தார்கள். சாதாரண அச்சில் இதைக் கொண்டுவர முடியாது. 1944 காசின் விளிம்பை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பள்ளம் தெளிவாக இருக்கிறது.

பழைய நல்ல காசுகளை என்ன செய்தார்கள்? திரும்ப அழைத்தார்கள். 1941-ல் விக்டோரியா ராணி காசு செல்லாது, 1942-ல் எட்வர்ட் ராஜா காசு செல்லாது, 1943-ல் மிச்சமிருந்த பழைய தர ஜார்ஜ் ராஜா காசும் செல்லாது. கெடுவுக்குள் கஜானாவில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். கொடுத்தவர்களின் வெள்ளி சர்க்காருக்குப் போனது. கொடுக்காதவர்கள் வீட்டில் அது சொம்புக்குள் போனது. நல்ல காசு ஒளியும், மட்டமான காசு உலாவும் என்பது கிரெஷாம் விதி. எங்கள் பூட்டி அந்த விதியைப் படித்ததில்லை. ஆனால் 22 பழைய காசை விடாமல் வைத்திருந்தார்!

ஓட்டைக் காலணா

"ஓட்டைக் காலணாவுக்குப் பிரயோஜனம் இல்லை" என்று பெரியவர்கள் திட்டுவதைக் கேட்டிருப்பீர்கள். அந்தக் காலணாவும் யுத்தகாலத்துப் பிள்ளைதான். தோட்டா உறைக்கும் பீரங்கிக் குண்டுக்கும் செம்பு வேண்டும். 1942-ல் சில்லறைப் பஞ்சம் தலைவிரித்து ஆடியது. தபால் தலையையும் கடைக்காரர்களின் சீட்டையும் சில்லறையாகக் கொடுத்து வாங்கினார்கள். 1943-ல் லாகூரில் புது நாணயச் சாலை திறந்தார்கள். காலணாவின் நடுவில் பெரிய ஓட்டை போட்டு, செம்பைப் பாதிக்கும் கீழே குறைத்தார்கள். நம்ம ஒர்க்‌ஷாப் வாஷர் மாதிரியே இருக்கும்.

உலோகம் பற்றாக்குறை எப்படி விசித்திரமாக வேலை செய்யும் என்பதற்கு இரண்டு உதாரணம். அமெரிக்காவில் 1942 முதல் 1945 வரை 5 சென்ட் நாணயத்தில் நிக்கலை எடுத்துவிட்டு 35 சதவீதம் வெள்ளி போட்டார்கள். கவசத் தகட்டுக்கு நிக்கல்தான் அவசியம், வெள்ளி பரவாயில்லை! எலெக்ட்ரிக்கல் நண்பர்களுக்கு இன்னொன்று: அணுகுண்டுத் திட்டத்தில் யுரேனியம் பிரிக்கும் ராட்சத மின்காந்தங்களுக்குச் செம்புக் கம்பி கிடைக்கவில்லை. அமெரிக்க கஜானாவிலிருந்து 13,000 டன்னுக்கு மேல் வெள்ளியை இரவல் வாங்கி காயில் சுற்றினார்கள். செம்பைவிட வெள்ளி நல்ல கடத்தி என்று நாம் ஒரு மார்க்குக்கு எழுதுகிறோமே, அதுதான்.

உண்மையில் யார் கொடுத்தார்கள்?

வெள்ளியைப் பாதியாக்கியதில் சர்க்காருக்குக் கிடைத்த லாபம் பெரிதில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். பெரிய விஷயம் வேறு. 1939 நவம்பரில் டெல்லியும் லண்டனும் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, இந்தியாவின் சொந்தப் பாதுகாப்புக்கு மேல் ஆகும் யுத்தச் செலவு பிரிட்டனுடையது. ஆனால் அரிசி, துணி, பூட்ஸ் எல்லாம் இங்கே ரூபாயில் வாங்க வேண்டும். பிரிட்டன் லண்டனில் பவுன் கணக்கில் எழுதி வைக்கும். அந்தப் பவுன் பத்திரத்தை ஈடாக வைத்து ரிசர்வ் வங்கி இங்கே நோட்டு அடிக்கும். சரக்கு யுத்தத்துக்குப் போகும், நோட்டு ஊரில் தங்கும்.

யுத்தம் தொடங்கியபோது 180 கோடி ரூபாய் அளவில் இருந்த நோட்டுப் புழக்கம் 1946-ல் 1,200 கோடியைத் தாண்டியது. மொத்த விலைவாசி இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. 1943-ல் வங்காளத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள் பசியில் செத்தார்கள். அதற்குக் காரணம் பல, கைக்கு எட்டாமல் போன அரிசி விலை அதில் முக்கியமான ஒன்று. லண்டன் கணக்கிலோ இந்தியா பெயரில் 130 கோடி பவுன் அளவுக்குச் சேர்ந்திருந்தது! கடன்கார நாடு கடன் கொடுத்த நாடாகிவிட்டது. பேப்பரில் பணக்காரன், வயிற்றில் பட்டினி.

வெள்ளிச் சட்டங்களின் வேலை இந்த இடத்தில்தான் புரிகிறது. நோட்டு இவ்வளவு பெருகும்போது ஜனங்கள் எல்லாரும் "வெள்ளி கொடு" என்று வரிசையில் நின்றிருந்தால் எல்லாம் அன்றே நின்றிருக்கும். தடையும், நாணயம் என்று பெயர் சூட்டிய காகிதமும், பாதி வெள்ளிக் காசும் அந்த வரிசையைக் கலைத்தன. வரி போட்டால் ஜனங்களுக்குத் தெரியும். காசுக்குள் நடப்பது கண்ணுக்குத் தெரியாது.

வாங்கிய வெள்ளியைத் திருப்பியது

1944-ல் அமெரிக்கா கடன்-குத்தகைத் திட்டத்தில் பிரிக்கப்படாத இந்தியாவுக்குச் சுமார் 22 கோடியே 60 லட்சம் அவுன்ஸ் வெள்ளி கொடுத்தது. காசு அடிக்கவும், மார்க்கெட்டில் விற்று விலையை அடக்கவும். நிபந்தனை: பணமாக இல்லை, அவுன்ஸுக்கு அவுன்ஸ் வெள்ளியாகவே திருப்ப வேண்டும். கெடு 1957 ஏப்ரல். நடுவில் தேசம் இரண்டானதால் கடனும் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் பிரிந்தது.

எங்கிருந்து திருப்புவது? 1947-ல் ரூபாயிலிருந்து வெள்ளி முழுக்கப் போய் சுத்த நிக்கல் வந்துவிட்டது. ஒரு பக்கம் ஜார்ஜ் ராஜா, மறுபக்கம் புலி. புழக்கத்திலிருந்து திரும்பிய பாதி வெள்ளிக் காசுகளை உருக்கி, கல்கத்தா அலிப்பூரில் அமைத்த சுத்திகரிப்பு ஆலையில் செம்பு, நிக்கல், துத்தநாகத்தைப் பிரித்து, வெள்ளியைத் தனியாக எடுத்து இந்தியா தன் பங்கைக் கப்பலில் அனுப்பியது. எங்கள் 26 காசின் கூடப் பிறந்தவை இப்போது அமெரிக்காவில் என்னவாக இருக்கின்றனவோ!

கடைசியாக வீட்டுக்கு வருகிறேன்

சனிக்கிழமை அத்தை வீட்டுக்குப் போனேன். 26 காசையும் பாயில் பரப்பி வருடத்தைப் படித்தேன். 1940, 41, 42, 43, 44, 45. அதற்கு முந்தையது ஒன்றுகூட இல்லை. 26-லும் விளிம்பில் அந்தப் பள்ளம். "கள்ளக்காசு இல்லை அத்தை, கவர்மெண்ட் அடிச்ச காசு. அப்படித்தான் அடிச்சாங்க" என்றேன்.

அத்தை சுலபத்தில் விடுகிற ஆளில்லை. "சரிய்யா, கவர்மெண்ட் காசுதான். ராணி காசை எடுத்துட்டு இந்தக் காசைப் போட்டிருக்க முடியாதா?" என்றார். நியாயமான கேள்வி. என் ஒப்படர்த்தி அதற்குப் பதில் சொல்லாது. நான் திருப்பிக் கேட்டேன்: "சின்னப் பிள்ளையா இருக்கறப்ப இதை வச்சு விளையாடினேன்னு சொல்வீங்களே, எப்படி அடுக்குவீங்க?"

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. கை தானாக நகர்ந்தது. பழைய காசை ஒரு பக்கம் அடுக்கினார், ஜார்ஜ் ராஜாவை ஒரு பக்கம் அடுக்கினார். "ராணி வீட்டுல எப்பவும் ஆள் குறைச்சல்... ராஜா வீட்டுலதான் நாலு பேர் கூடுதல். தம்பி சண்டை போடுவான், அந்த நாலையும் எனக்குக் குடுன்னு" என்றார். 22-ம் 26-ம்! அவர் கண் கலங்கியதை நான் பார்க்காத மாதிரி காசை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அன்று ராத்திரியே போன் வந்தது. அப்பா பேசியது எனக்குக் கேட்கவில்லை, வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் இடத்தில் அப்பா பெயர் முதலில் இருந்தது. கொலுசு 22 காசில் ஆனது. 26-ஐ உருக்க வேண்டாம் என்று அத்தை சொல்லிவிட்டார். அதில் ஒன்றை எனக்குக் கொடுத்தார். 1944-ம் வருடத்தது.

நண்பர்களே, யுத்தம் எல்லைக்கு வெளியே நடந்தாலும் அதன் பில் ஒவ்வொரு வீட்டுச் சொம்புக்கும் வருகிறது. கொடுத்தவருக்கே தெரியாமல் கொடுத்த கணக்கு அது. அந்தக் கணக்கு தெரியாததால் ஒரு குடும்பம் பிரியவும் பார்த்தது. உங்கள் வீட்டிலும் பழைய காசு இருந்தால் விளிம்பைப் பாருங்கள், வருடத்தைப் பாருங்கள், முடிந்தால் லேபுக்குக் கொண்டு வாருங்கள். யாரையும் குற்றம் சொல்வதற்கு முன்னால் ஒருமுறை எடை போட்டுப் பார்த்துவிடுவது நல்லது!